அவன் யாருடைய ஆள்?

ஆனைமலை மாசாணியம்மன் கோவிலுக்கு வரும் பெண்களில் சிலர் கையில் மிளகாயோடு வருகின்றனர். அதை அரைத்து, நீதிக்கல் என்று வழங்கப்படும் கல்லின்மீது பூசிவிட்டுச் செல்கின்றனர். தமக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்கு மனிதரிடத்தில் நியாயம் கிடைக்காதபோது கல்லிடம் முறையிடுகின்றனர். நமது நம்பிக்கை வேறு. வழிபாட்டு முறை வேறு. ஆயினும், காவல் நிலையத்தின் படியேறவும் நீதிமன்றத்தின் வாயிலில் நிற்கவும் துணிவோ துணையோ இல்லாத ஒரு பெண், தன் வேதனையை எங்கேனும் சொல்லியே ஆக வேண்டும் என்று தவிக்கும் தவிப்பை அந்தக் கல் நமக்கும் உணர்த்துகிறது.

அந்தக் கோவிலின் வரலாற்றை மக்கள் நன்னன் என்னும் மன்னனோடு சேர்த்துச் சொல்வர். அவனது காவல் மரத்திலிருந்து விழுந்து ஆற்றில் மிதந்து வந்த காயொன்றை எடுத்துத் தின்ற ஓர் இளம்பெண்ணை அவன் கொலைத் தண்டனைக்கு உள்ளாக்கினான். அவளுடைய உறவினர் 81 களிறுகளையும், அவள் எடைக்கு எடை பொன்னால் செய்த பாவையையும் ஈடாகத் தர முன்வந்தும் அவன் இசையவில்லை. இச்செய்தியைப் பரணர் குறுந்தொகையில் பதிவு செய்திருக்கிறார். நன்னன் வலிமை மிக்கவன். எனினும் அவன் பெயரோடு ஒட்டி நின்றது அவனுடைய வெற்றிகளல்ல. அந்தப் பெண்ணின் சாவே. அரசன் என்பதற்காகப் புலவர் அப்பழியை மூடி மறைக்கவில்லை.

இன்று நிலைமை வேறு. வலியவன் ஒருவன்மீதோ, வலியவரின் நிழலில் நிற்பவன்மீதோ ஒரு பெண் குற்றம் சாட்டும்போது, நம்மிடையே முதலில் எழ வேண்டிய கேள்வி, “என்ன நடந்தது?” என்பது. ஆனால் எழுவதோ, “அவன் யாருடைய ஆள்?” என்பது. அதற்கு விடை கிடைத்தவுடன் நாட்டில் பாதிப் பேர் அவன் குற்றவாளி என்றும், மறுபாதிப் பேர் அவன் நிரபராதி என்றும் தீர்ப்பெழுதி முடித்துவிடுகின்றனர். அந்தப் பெண்ணைப் பற்றிய கேள்வி எவர் வாயிலும் வருவதில்லை. நமது கொங்கு மண்ணிலும் அதன் அண்டையிலும் கடந்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்தவற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தால், இந்தக் கேள்வி செய்துள்ள தீங்கு விளங்கும்.

வாச்சாத்தி: ஐந்து ஆட்சிகளைக் கடந்த வழக்கு

தருமபுரி மாவட்டத்தில், அரூர் பகுதியில், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ளது வாச்சாத்தி. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் சிற்றூர். 1992 ஜூன் 20 அன்று, கடத்தப்பட்ட சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகிய மூன்று துறைகளின் பணியாளர்கள் அவ்வூருக்குள் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, கால்நடைகள் கொல்லப்பட்டன, கிணறுகள் பாழ்பட்டன. 18 பெண்கள் வன்புணர்வுக்கு உள்ளாக்கப்பட்டனர். ஊரார் பலர் சிறைக்கு அனுப்பப்பட்டனர். காக்க வேண்டிய அரசின் கையே அங்கு ஓங்கியது.

அந்த ஆண்டு ஜூலையில் தமிழ்நாடு பழங்குடி மக்கள் சங்கத்தினர் அவ்வூரின் நிலையை அறிந்தனர். அச்சங்கத்தின் பெ.சண்முகம் போன்றோர் தொடர்ந்து பாடுபட்டனர். அந்நாளில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்த அ.நல்லசிவன் உச்ச நீதிமன்றத்தை நாடினார். ஆனால் ஆட்சித் தரப்பிலிருந்து கிடைத்த மறுமொழி மறுப்பு மட்டுமே. கடத்தல்காரர்களுக்குப் பரிந்து அரசுக்கு அவப்பெயர் தேடும் முயற்சி என்று அது ஒதுக்கப்பட்டது. சொன்னவர் எதிர்க்கட்சியினர் என்பதால், சொல்லப்பட்டது பொய்யாயிற்று. அந்த 18 பெண்களின் கண்ணீர் எந்தக் கட்சியையும் சேர்ந்ததன்று என்பது ஆட்சியாளர்களுக்குத் தோன்றவில்லை.

1995-இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. 269 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவர்களில் 54 பேர் இறந்து போயிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. அவர்களுள் வனத்துறையினர் 126 பேர், காவல்துறையினர் 84 பேர், வருவாய்த்துறையினர் 5 பேர். வன்புணர்வுக் குற்றத்துக்காக 17 பேர் தண்டிக்கப்பட்டனர். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்ற நீதிபதி பி.வேல்முருகன் அத்தீர்ப்பை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டார்.

கொடுமை நடந்த நாளுக்கும் முதல் தீர்ப்புக்கும் இடையே 19 ஆண்டுகள். 1996, 2001, 2006, 2011 என நான்கு முறை ஆட்சி கைமாறியது. ஒரு கட்சி ஆண்டபோது நடந்த கொடுமை என்று ஒரு தரப்பார் சொல்லலாம். ஆனால் தாமதத்தில் இரு தரப்பாருக்கும் பங்குண்டு. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எதிர்க்கட்சி ஒன்று கதவைத் தட்டியிராவிட்டால் அந்த ஊரின் குரல் வெளியே கேட்டிராது. ஆகவே கட்சிகள் இத்தகைய செய்திகளில் வாய் திறக்கவே கூடாது என்று சொல்வதற்கில்லை. எளியவரின் பொருட்டுக் கதவைத் தட்டுவது அரசியலின் அறம். தட்டிய கையே நாளை ஆட்சிப் பொறுப்பேற்றுக் கதவுக்கு உட்புறம் நிற்கும்போது என்ன செய்கிறது என்பதே சோதனை.

பொள்ளாச்சி: ஒரு தேர்தலின் நடுவே

2019 பிப்ரவரி 12 அன்று பொள்ளாச்சியில் 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் நம்பிக்கையூட்டி அழைக்கப்பட்டு, காரில் துன்புறுத்தப்பட்டார். அது படம் பிடிக்கப்பட்டது. படத்தைக் காட்டி மிரட்டுவதே அந்தக் கும்பலின் வழி. பிப்ரவரி 24 அன்று காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. புகார் செய்த குடும்பத்தைச் சேர்ந்தவர் தாக்கப்பட்டார். அத்தாக்குதலில் பெயர் அடிபட்ட உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர், அன்று ஆட்சியிலிருந்த அ.இ.அ.தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டார்.

மார்ச் 10 அன்று நாடாளுமன்றத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. அதே வாரத்தில் பொள்ளாச்சிச் செய்தி தமிழகமெங்கும் தீயெனப் பரவியது. கோவைக் கல்லூரிகளின் மாணவ மாணவியர் வீதிக்கு வந்தனர். அவர்களுடைய சினம் உண்மையானது. ஆனால் மேடைகளில் நடந்தது வேறு. ஆளுங்கட்சி தன் ஆட்களைக் காப்பாற்றுகிறது என்றனர் எதிர்த்தரப்பார். தேர்தலுக்காகக் கட்டிவிடப்பட்ட கதை என்றனர் ஆட்சியின் ஆதரவாளர்கள். அப்பகுதியின் முக்கியப் பிரமுகர் ஒருவரின் குடும்பத்தைக் குறித்துக் குற்றச்சாட்டுகள் பேசப்பட்டன. அவர் அவற்றை மறுத்தார். அக்குடும்பத்தினர் எவரும் பின்னர் குற்றம் சாட்டப்பட்டோர் பட்டியலில் இடம்பெறவில்லை. அதே வேளையில், 2021 ஜனவரியில் மத்தியப் புலனாய்வுத் துறை கைது செய்த மூவருள் ஒருவர் அ.இ.அ.தி.மு.க.வின் நகர மாணவரணிப் பொறுப்பில் இருந்தவர் என்பதும் உண்மை. அவரும் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். ஆக, எல்லாமே கட்டுக்கதை என்றவர்களும் தவறினர். ஆதாரமின்றிப் பெயர்களை அள்ளி வீசியவர்களும் தவறினர்.

இந்தக் கூச்சலுக்கிடையே ஒரு பெருந்தவறு நிகழ்ந்தது. பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே செய்தியாளர்கள் முன் வெளியிட்டார். வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றும் அரசாணையிலும் அப்பெயர் இடம்பெற்றது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது 1983 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் குற்றமாக இருந்து வந்தது. சட்டத்தைக் காக்க வேண்டியவர்களே அதை மீறினர். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அப்பெண்ணுக்கு 25 இலட்சம் ரூபாய் வழங்குமாறு அரசுக்கு ஆணையிட்டது.

மிரட்டலுக்கு அந்தக் கும்பல் பயன்படுத்திய ஆயுதம் கைப்பேசிப் படம் மட்டுமன்று. நம் ஊர்களில் ‘குடும்ப மானம்’ என்று எதைச் சொல்கிறோமோ, அதுவே அவர்களுக்குப் பெரிய ஆயுதமாக அமைந்தது. படம் வெளியானால் தலைகுனிய வேண்டியவர் படம் எடுத்தவர் அல்லர், படத்தில் இருப்பவரே என்று ஊர் கருதும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். நம் நாளேடுகள் நெடுங்காலம் இக்குற்றத்துக்குக் ‘கற்பழிப்பு’ என்று பெயரிட்டு வந்தன. குற்றம் ஆணுடையது, அழிந்ததாகச் சொல்லப்பட்டதோ பெண்ணின் கற்பு. அச்சொல்லை ஏடுகள் பெரும்பாலும் கைவிட்டுவிட்டன. அச்சொல்லை ஈன்ற எண்ணத்தை நம் வீடுகள் கைவிட்டுவிட்டனவா என்பது வேறு செய்தி.

இடம் மாறியவர்கள், மாறாத பேச்சு

2021 மே மாதத்தில் ஆட்சி மாறியது. அதற்குச் சில வாரங்களுக்கு முன், அவ்வாண்டு பிப்ரவரியில், சிறப்புக் காவல்துறைத் தலைமை இயக்குநராக இருந்த ராஜேஷ் தாஸ் தம்மைப் பாலியல் தொல்லைக்கு உள்ளாக்கியதாக இந்தியக் காவல் பணி அதிகாரியான பெண் ஒருவர் புகார் செய்தார். அன்றைய முதலமைச்சரின் சுற்றுப்பயணப் பாதுகாப்புப் பணியின்போது நேர்ந்தது அது. புகார் செய்யச் சென்னைக்குப் புறப்பட்ட அந்த அதிகாரியையே வழியில் தடுக்க முயன்றனர். 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் ராஜேஷ் தாசுக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. சீருடையும் பதவியும் உடைய பெண்ணுக்கே வழியில் தடை என்றால், பொள்ளாச்சி மாணவியும் வாச்சாத்திப் பெண்களும் கடந்து வந்த தொலைவு எத்தகையது!

2024 டிசம்பர் 23 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானார். அப்போது ஆட்சியில் இருந்தது தி.மு.க.; எதிர்க்கட்சி அ.இ.அ.தி.மு.க. பிடிபட்டவன் தி.மு.க.வினரோடு நிற்கும் படங்கள் பரவின. அவன் கட்சி உறுப்பினன் அல்லன், அனுதாபி மட்டுமே என்று முதலமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் 2025 ஜனவரியில் சட்டப்பேரவையில் விளக்கினார். “யார் அந்த சார்?” என்ற வாசகம் சட்டைகளிலும் சுவரொட்டிகளிலும் ஏறியது. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தரப்பார் பேசியதை இப்போது மறுதரப்பார் பேசினர். அன்று மறுத்தவர்கள் இன்று கேட்டனர். அன்று கேட்டவர்கள் இன்று மறுத்தனர்.

ஒற்றுமை அத்தோடு முடியவில்லை. இவ்வழக்கிலும் பாதிக்கப்பட்ட மாணவியின் விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. உயர் நீதிமன்றம் இம்முறையும் தலையிட்டு, அம்மாணவிக்கு இடைக்கால இழப்பீடாக 25 இலட்சம் ரூபாய் வழங்குமாறு ஆணையிட்டது. இரண்டு ஆட்சிகள், இரண்டு பெண்கள், ஒரே தவறு, ஒரே தொகை. இந்த ஒற்றுமையைக் கண்டு இரு கட்சிகளும் நாணியிருக்க வேண்டும். நடந்ததோ, பொள்ளாச்சி வழக்கில் எத்தனை நாள் தாமதமாயிற்று என்று பேரவையில் இரு தரப்பாரும் வாதிட்டுப் பேரவைத் தலைவரிடம் ஆவணங்களை அளித்தது. அண்ணா பல்கலைக்கழக மாணவிக்காகத் தொடங்கிய விவாதம், எந்த ஆட்சி குறைவாகத் தவறியது என்னும் கணக்கில் போய் முடிந்தது.

2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆர்.நந்தினி தேவி பொள்ளாச்சி வழக்கில் தீர்ப்பளித்தார். குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது பேரும் குற்றவாளிகள். ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை. பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கும் மொத்தம் 85 இலட்சம் ரூபாய் இழப்பீடு. பதினைந்து நாள் கழித்து அண்ணா பல்கலைக்கழக வழக்கிலும் குற்றம் சாட்டப்பட்டவன் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று; ஜூன் 2 அன்று, குறைந்தது 30 ஆண்டுகள் சிறையிலிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

கோவைத் தீர்ப்பு வெளியான அன்றே புகழுக்கான போட்டி தொடங்கியது. வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது எமது அரசே என்றார் எடப்பாடி பழனிசாமி. குற்றவாளிகளுள் அ.இ.அ.தி.மு.க. நிர்வாகி இருந்ததைச் சுட்டிக் காட்டினார் மு.க.ஸ்டாலின். இருவர் சொன்னதிலும் செய்தி உண்டு. ஆனால் அந்தத் தீர்ப்பை ஈட்டித் தந்தவர்கள் அவர்கள் அல்லர். ஆறு ஆண்டுகள் காத்திருந்து, மூடிய அறையில் நீதிபதியின் முன் நின்று, நடந்ததை நடந்தவாறு சொன்ன எட்டுப் பெண்களே அதை ஈட்டினர். சாட்சியம் அளித்த 48 பேரில் ஒருவர்கூடப் பிறழ்சாட்சியாக மாறவில்லை. மிரட்டலும் ஆசைகாட்டலும் ஊர்ப்பேச்சும் மலிந்த நாட்டில் இது எளிய செய்தியன்று. அவர்களுடைய பெயர் நமக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. பெயரே இல்லாமல் ஒரு நாட்டுக்கு நன்மை செய்தவர்கள் அவர்கள்.

தாவீதின் தீர்ப்பு

நம் விவிலியம் இந்தச் செய்தியை அறியாததன்று. சாமுவேல் இரண்டாம் நூலில், அரசன் தாவீது தன் போர்வீரன் உரியாவின் மனைவி பத்சேபாவை அழைப்பித்துத் தனதாக்கிக்கொள்கிறான். உரியாவைப் போர்முனையில் சாகவிடுகிறான். அப்போது அவனிடம் வருகிறார் இறைவாக்கினர் நாத்தான். அவர் தாவீதின் பகைவர் அல்லர். எதிரணியைச் சேர்ந்தவரும் அல்லர். அரசனோடு நெருங்கி நின்றவர். அவர் அரசனை நோக்கி நேரே குற்றம் சாட்டவில்லை. ஏழை ஒருவனின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்துக்கொண்ட செல்வனின் கதையைச் சொல்கிறார். தாவீது சினந்து, அச்செல்வன் சாவுக்குரியவன் என்று தீர்ப்பளிக்கிறான். அந்தச் செல்வன் நீயே என்கிறார் நாத்தான்.

இந்நிகழ்ச்சியில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. குற்றவாளி யார் என்று தெரியாதவரை தாவீதின் தீர்ப்பு நேராக இருந்தது. ‘அவன் யாருடைய ஆள்?’ என்ற கேள்வியை நாத்தான் மறைத்து வைத்தார். நீதி தானாகவே வெளிப்பட்டது. நாமும் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு குற்றச்சாட்டைக் கேள்விப்பட்டவுடன், குற்றம் சாட்டப்பட்டவரின் கட்சியையும் சாதியையும் சமயத்தையும் மனத்துக்குள் மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் நம் சொல் மாறாதிருந்தால் அது நீதி. மாறினால் அது வெறும் கட்சிக்கட்டு.

தானியேல் நூலில் வரும் சூசன்னாவின் வரலாறும் நமக்குத் தெரியும். அவளைத் தம் இச்சைக்கு இணங்குமாறு மிரட்டியவர்கள் இருவரும் மக்களின் முதியோர். அவ்வாண்டு நடுவராக இருந்தவர்கள். அவள் இணங்க மறுத்தபோது அவள்மீதே பழி சுமத்தினர். முதியோர் சொன்னார்கள் என்ற ஒரே காரணத்துக்காகச் சபை நம்பியது. அவளுக்குச் சாவுத் தீர்ப்பளித்தது. இளைஞனான தானியேல் செய்ததெல்லாம், இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று கேட்டது மட்டுமே. இருவரும் இரு வேறு மரங்களைச் சொன்னார்கள். பதவி பேசியதை நம்பிய சபை, சான்று பேசத் தொடங்கியதும் விழித்துக்கொண்டது.

இங்கே மறுபக்கத்தையும் மறக்கலாகாது. எகிப்தில் யோசேப்பு பொய்க் குற்றச்சாட்டால் சிறை புகுந்தார். அதே விவிலியம்தான் அதையும் சொல்கிறது. ஆகவே குற்றம் சாட்டப்பட்டவர் அனைவரும் குற்றவாளிகளே என்று முடிவு கட்டுவதும் அறமன்று. எட்டாம் கட்டளை இரு திசையிலும் கூர்மையுடையது. ஆதாரமின்றி ஒருவர்மீது பழி சுமத்துவதையும் அது தடுக்கிறது. பாதிக்கப்பட்டவளைப் பொய்க்காரி என்று எளிதாகத் தூற்றுவதையும் தடுக்கிறது. சூசன்னாவைக் காத்ததும், யோசேப்பைக் காத்திருக்கக் கூடியதும் ஒன்றே: முகம் பாராத விசாரணை.

நமது இல்லத்தில்

இதுவரை பிறரைப் பற்றிப் பேசினோம். அது எளிது. பொள்ளாச்சியில் வழக்குப் பதிவான அதே 2019 பிப்ரவரி 24 அன்று உரோமையில் ஒரு பேரவை முடிவுற்றது. சிறாருக்கு எதிராகத் திருப்பணியாளர்கள் இழைத்த பாலியல் குற்றங்களைக் குறித்து ஆராயத் திருத்தந்தை பிரான்சிஸ் உலகெங்குமுள்ள ஆயர் பேரவைத் தலைவர்களை நான்கு நாள் கூட்டியிருந்தார். தொடர்ந்து அவ்வாண்டு மே மாதம், ஒவ்வொரு மறைமாவட்டமும் புகார்களைப் பெறுவதற்கான முறையை ஏற்படுத்த வேண்டும் என்று சட்டமியற்றினார். மலைப்பொழிவில் இயேசு தம் சீடரை உலகின் ஒளி என்றழைத்த சொற்களே அச்சட்டத்தின் தலைப்பு.

அந்த இடத்துக்கு அவர் வந்த வழி எளிதானதன்று. 2018 ஜனவரியில் சிலி நாட்டுக்குச் சென்றபோது, குற்றத்தை மறைத்ததாகச் சொல்லப்பட்ட ஆயர் ஒருவருக்காக அவர் வாதாடினார். குற்றச்சாட்டுகளை அவதூறு என்றார். பாதிக்கப்பட்டோர் மனம் நொந்தனர். பின்னர் அவர் பேராயர் சிக்லூனாவை அனுப்பி விசாரிக்கச் செய்தார். 64 பேரின் சாட்சியங்களைக் கொண்ட அறிக்கை கைக்கு வந்தபோது, தாம் கடுமையாகத் தவறிவிட்டதாக அவ்வாண்டு ஏப்ரலில் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டு மன்னிப்பு வேண்டினார். பாதிக்கப்பட்டவர்களைத் தம் இல்லத்துக்கு அழைத்து அவர்களோடு உரையாடினார். தம் ஆயரை நம்பியது அவர் செய்த தவறு. சான்று வந்தபின் தம் சொல்லைப் பிடித்துக்கொண்டு நில்லாதது அவருடைய பெருமை. நாத்தானின் சொல் கேட்டுத் தலைகுனிந்த தாவீதின் வழி அது. எந்தக் கட்சித் தலைவரும் இவ்வாறு செய்து நாம் கண்டதுண்டா?

நாம் என்ன செய்தோம்? 2018-இல் ஜலந்தர் ஆயராக இருந்த பிராங்கோ முலக்கல்மீது கேரளத்து அருள்சகோதரி ஒருவர் புகார் செய்தார். உடன் சகோதரிகள் கொச்சியில் வீதியில் அமர்ந்து போராடினர். 2022 ஜனவரி 14 அன்று கோட்டயம் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அதை எதிர்த்து மேல்முறையீடும் செய்யப்பட்டது. அவ்வழக்கை இங்கே மீண்டும் விசாரிப்பது நம் வேலையன்று. நம் நடத்தையை விசாரிப்பதே நம் வேலை. முதல் செய்தி வந்த நாளிலேயே அவரைக் குற்றவாளி என்றவர்கள் நம்மிடையே இருந்தனர். அதைவிடப் பலர், அந்தச் சகோதரிகளைத் திருச்சபையின் பகைவர்களுக்கு விலைபோனவர்கள் என்று ஏசினர். சாட்சியத்தில் ஒரு வரியையும் படிக்காமலே இரு சாராரும் உறுதியோடு பேசினர். அது அரசியல் மேடையின் பேச்சு, கிறிஸ்தவரின் பேச்சன்று.

இன்னும் அருகில் வருவோம். நம் அண்டையிலுள்ள உதகை மறைமாவட்டத்தைச் சேர்ந்த குரு ஒருவர், அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் பணியாற்றியபோது பதின்பருவப் பெண்ணொருவருக்கு இழைத்த குற்றத்தை 2015-இல் அங்குள்ள நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். தண்டனை முடிந்து நாடு திரும்பிய அவர்மீதிருந்த பணித்தடை 2016-இல் நீக்கப்பட்டது. அச்செய்தி உலகெங்கும் அதிர்ச்சியை உண்டாக்கியது. நம்மிடையே அது எந்த மேடையிலும் ஒலிக்கவில்லை. பொள்ளாச்சிக்காக மெழுகுதிரி ஏற்றியது நல்ல செயல். கடல் கடந்த அந்தப் பெண்ணுக்காக நாம் ஒரு திரியேனும் ஏற்றியிருந்தால், நம் ஒளி இன்னும் நம்பத் தக்கதாய் இருந்திருக்கும்.

இதைச் சொல்வது திருச்சபையைத் தூற்றுவது என்று எவரும் கருத வேண்டா. தானியேல் சூசன்னாவைக் காத்தபோது தன் மக்களின் முதியோரையே எதிர்த்து நின்றான். அதனால் அவன் தன் மக்களுக்குப் பகைவனாகிவிடவில்லை. சொந்த வீட்டுக்குள் கேள்வி கேட்பவன், அந்த வீடு நிலைக்க வேண்டும் என்று விரும்புபவன்.

பொதுநிலையினராகிய நாம் செய்யக்கூடியவை பெரியவை அல்ல. ஆனால் அவற்றைச் செய்யாமல் விடுவதற்குச் சாக்கும் இல்லை. பாதிக்கப்பட்டவரின் பெயரையோ படத்தையோ நம் கைப்பேசி வழியாக இன்னொருவர்க்குச் செல்ல விடாதிருக்கலாம். அந்த நேரத்தில் அவள் அங்கே ஏன் போனாள் என்று கேட்பதை நம் வீட்டுத் திண்ணையிலேயே நிறுத்தலாம். நம் பங்கில் ஒரு தாயோ மகளோ தயங்கித் தயங்கி ஒரு சொல்லைத் தொடங்கும்போது, அவள் யார்மீது சொல்கிறாள் என்று பார்ப்பதற்கு முன் அவள் சொல்வதை முழுமையாகக் கேட்கலாம். காவல் நிலையத்துக்கு அவளோடு இரண்டு பேர் நடந்து போகலாம். மறைமாவட்டத்தில் புகார்களைப் பெறும் பொறுப்பு யாரிடம் உள்ளது என்று கேட்டறிந்து பிறருக்கும் சொல்லலாம். தேர்தல் காலத்தில் நம் கட்சிக்காரர்மீது குற்றச்சாட்டு வந்தால், எதிர்க்கட்சிக்காரர்மீது வந்தபோது நாம் கேட்ட அதே விசாரணையைக் கேட்கலாம்.

ஆனைமலையில் அந்தக் கல்லின்மீது இன்றும் மிளகாய் பூசப்படுகிறது. கல் எவர் பக்கமும் சாய்வதில்லை. முறையிட வருபவளின் கட்சியையோ குலத்தையோ அது கேட்பதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே பெண்கள் மனிதரை விட்டு அதனிடம் செல்கிறார்கள் போலும். ஆனால் கல்லால் அவர்களோடு காவல் நிலையம் வரை நடந்து வர முடியாது. நம்மால் முடியும்.